அப்பாவின் கண்ணாடி

அக்கா: அப்பாவின் படிக்கிற கண்ணாடி போச்சு. நாளைக்கு வாங்கப் போகிறோம். என்ன ஃபிரேம் எடுக்கலாம்?

அத்தை: ஐயோ, எப்படி?

நான்: யார் உட்கார்ந்தது என்று மட்டும் கேட்காதீர்கள்

அம்மா: நான்தான். கட்டிலில் கழற்றி வைத்தவரை ஒருத்தரும் கேட்பதில்லை.

சித்தப்பா: பழைய சீட்டை வைத்து லென்ஸ் போடாதீர்கள். நாற்பதைத் தாண்டினால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் இறுகிக்கொண்டே போகும், பவர் மாறியிருக்கும். அப்புறம், அண்ணன் புத்தகத்தை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறார் என்று டேப் வைத்து அளந்துகொண்டு போங்கள். 40 சென்டிமீட்டருக்குப் போட்ட பவரில் 60 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிற கம்ப்யூட்டர் மங்கலாகத்தான் தெரியும்.

அத்தை: சின்னண்ணன் ஆரம்பித்துவிட்டார் 😄

நான்: ரெடிமேட் ஒன்று வாங்கினால் என்ன?

சித்தப்பா: அதில் இரண்டு பக்கமும் ஒரே பவர். அண்ணனுக்கு வலது 2.00, இடது 2.50.

அக்கா: ப்ரோக்ரஸிவ்? தூரத்துக்கும் படிக்கவும் ஒரே லென்ஸ்?

அத்தை: வேண்டவே வேண்டாம். சின்னண்ணன் பேச்சைக் கேட்டுப் போட்டு, மூன்று மாதம் மாடிப்படியைக் கைப்பிடி பிடித்து இறங்கினேன்.

சித்தப்பா: அதில் கீழ்ப்பாதி படிக்கிற பவர். படியைப் பார்க்கத் தலையைக் குனிய வேண்டும் என்று அன்றைக்கே சொன்னேன். உயரமான ஃபிரேம் எடு என்றும் சொன்னேன். நீ அழகு பார்த்து ஒடுக்கமாக எடுத்தாய்.

அத்தை: பத்து வருஷமாக இதே பேச்சு

அம்மா: கண்ணாடிக் கூட்டில் பீரோ சாவி இருந்தது. யார் எடுத்தது?

சித்தப்பா: உடைந்த காலின் உள்பக்கம் மூன்று எண் இருக்கும், பார்.

அக்கா: பொடி எழுத்து. 50, 20, 145.

சித்தப்பா: லென்ஸ் அகலம், மூக்குப் பாலம், கால் நீளம். எல்லாம் மில்லிமீட்டர். கண்ணாடி அவருக்குச் சரியாக உட்கார்ந்திருந்தால் அதே அளவை ஒட்டி எடுங்கள். இந்தப் பவருக்கு மெல்லிய லென்ஸ் என்று தலையில் கட்டுவார்கள், தேவையில்லை. பளபளப்பு அடிக்காத கோட்டிங் மட்டும் போடுங்கள், இரவில் விளக்கடியில் படிக்கிறவர்.

அத்தை: கறுப்பு மட்டும் வேண்டாம். பெரியண்ணன் முகத்துக்கு ஹெட்மாஸ்டர் மாதிரி இருக்கும்.

நான்: இல்லாவிட்டாலும் அப்படித்தான்

அம்மா: சாவி???

அப்பா: பழய பிரேம போதம் கால் மடடும் ஒடட சொல

அக்கா: அப்பா, கண்ணாடி இல்லாமல் டைப் பண்ணாதீர்கள். பத்து மணிக்குக் கிளம்புகிறோம்.

அப்பா: நன் வரல

அத்தை: அண்ணி, சாவி போன தடவை மாதிரி அரிசி டப்பாவில் இருக்கும், பாருங்கள்