காற்றுப் படகை வேனில் எப்படிக் கொண்டுபோவது?

வணக்கம், காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். பழைய டெம்போ டிராவலரில் படுக்கை, அடுப்பெல்லாம் வைத்து லீவு விட்டால் குடும்பத்தோடு கிளம்பிவிடுவோம். போன மாதம் சின்னதாக ஒரு காற்றுப் படகு வாங்கினேன். பிவிசி, 9 அடி, பலகைத் தளத்தோடு 30 கிலோ.

தொண்டிக்குப் போகும்போது காற்றோடு கூரைமேல் கவிழ்த்துக் கட்டினேன். தேவகோட்டை தாண்டியதும் முன்பக்கம் தூக்கித் தூக்கி அடித்தது. டீக்கடையில் நிறுத்திப் பார்த்தால், கயிறு உராய்ந்த இடத்தில் வெள்ளைக் கோடு. வெயிலில் காற்று விரிந்து படகு மத்தளம் மாதிரி விம்மி நிற்கிறது. பயந்துபோய்க் கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டேன்.

திரும்பும்போது ஈரத்தோடு மடித்து உள்ளே போட்டது அதைவிடத் தப்பு. மறுநாள் ஒரே கருவாட்டு வாடை, மடிப்பெல்லாம் மணல். நல்ல தண்ணீரில் கழுவி வளவில் விரித்தேன். வடகம் காயப்போட இடமில்லை என்று ஆச்சி இன்னும் முறைக்கிறார்.

பொங்கல் லீவில் மறுபடி போகிறோம். பலகைகள் கட்டிலுக்கு அடியில் போய்விடும், அது சரி. படகைச் சுருட்டிக் கூரையில் கட்டுவதா, பின்கதவில் தாங்கி அடித்து வைப்பதா? லாரித் தார்ப்பாயில் ஈரப் படகுக்குப் பை தைத்தவர்கள் யாராவது உண்டா? தண்ணீர் வடிய அடியில் ஓட்டை விட்டீர்களா? படம் இருந்தால் போடுங்கள், அளவோடு.