மேட்டூர் நீர்த்தேக்கத்தில் ஸ்விம்பெயிட்: மீன் பின்னாலேயே வருகிறது, கவ்வ மாட்டேன் என்கிறது

கேள்வி (அம்மாபேட்டை, சேலம்)

வணக்கம். ஆறு ஞாயிற்றுக்கிழமையாக விடிவதற்கு முன்பே வண்டியை எடுத்துக்கொண்டு கொளத்தூர் தாண்டி பண்ணவாடி பக்கம் போய் ஸ்விம்பெயிட் (மீன் வடிவ ரப்பர் இரை) வீசுகிறேன், இன்னும் ஒரு மீன்கூடக் கரையேறவில்லை. மண்புழு வைத்து ஜிலேபிக் கெண்டை பிடித்து வளர்ந்தவன்தான், இந்த ரப்பர் மீன் எனக்குப் புதிது. அமெரிக்காவில் பாஸ் என்ற மீனைப் பிடிப்பவர்களின் வீடியோவைப் பார்த்து ஆசைப்பட்டு எட்டு அங்குலத்தில் இரண்டும் ஐந்து அங்குலத்தில் ஒரு பாக்கெட்டும் வாங்கினேன். ஏழடி ராடு, 20 பவுண்டு பிரெய்டு (பின்னிய தூண்டில் நரம்பு), 14 கிராம் ஜிக் ஹெட் (தலையில் எடை வைத்த தூண்டில் முள்). விராலோ வாளையோ மாட்டினால் போதும்.

இரண்டு தடவை நல்ல பெரிய விரால் கரைவரை பின்தொடர்ந்து வந்து, என் காலுக்கு நாலடி முன்னால் நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மூன்று தடவை டொக்கென்று ஒரு தட்டு. உடனே ராடைச் சுண்டித் தூக்கினேன், ரப்பரின் வால் அறுந்து வந்ததுதான் மிச்சம். போதாததற்கு நரம்பு வேறு முறுக்கி முறுக்கிச் சிக்கலாகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில் (கொளத்தூர்)

தம்பி, நரம்பு முறுக்குகிறது என்றீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. ரப்பர் தண்ணீருக்குள் சுழன்றுகொண்டு வருகிறது. வீசுவதற்கு முன்னால் காலடியில், முழங்கால் ஆழத் தெளிந்த தண்ணீரில் ஒரு மீட்டர் மெதுவாக இழுத்துப் பாருங்கள். வயிறு கீழே இருக்க வேண்டும், வால் இடமும் வலமுமாக அடிக்க வேண்டும், உடம்பு லேசாக இரண்டு பக்கமும் சாயலாம். பக்கவாட்டில் படுத்தாலோ உருண்டாலோ முள் கோணலாக ஏறியிருக்கிறது என்று அர்த்தம். ஜிக் ஹெட்டை ரப்பரின் பக்கத்தில் வைத்து, முள்ளின் வளைவு எங்கே வெளியே வரவேண்டுமோ அங்கே நகத்தால் ஒரு கீறு போடுங்கள். மூக்கின் நட்டநடுவில் குத்தி, முதுகுக் கோட்டில் அந்தக் கீறலிலேயே வெளியே எடுங்கள். முதுகு வில் மாதிரி வளைந்து நின்றால் பிடுங்கிவிட்டு மறுபடி குத்துங்கள், சோம்பல் படக்கூடாது. பாக்கெட்டுக்குள் வால் மடங்கிப் போயிருந்தால் சுடுதண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, நேராக்கி, பச்சைத் தண்ணீரில் முக்கி எடுத்தால் சரியாகிவிடும்.

பதில் (ஏற்காடு அடிவாரம்)

அந்த எட்டு அங்குலத்தை வீட்டில் வைத்துவிடுங்கள். கலிபோர்னியாவின் காஸ்டைக் போன்ற நீர்த்தேக்கங்களில் வளர்த்த ரெயின்போ டிரவுட் மீனைக் கொண்டுவந்து விடுகிறார்கள். அங்குள்ள லார்ஜ்மௌத் பாஸ் அதைத் தின்று பருக்கிறது, அதனால்தான் அவர்கள் அவ்வளவு பெரிய ரப்பரை வீசுகிறார்கள். நம் கரையோர விரால் தின்பது பொடிக் கெண்டையும் ஜிலேபிக் குஞ்சும் தவளையும். மூன்று, மூன்றரை அங்குலம், ஏழு கிராம் போதும். அப்புறம், வேகத்தைப் பாதியாகக் குறையுங்கள். பின்தொடர்வது தெரிந்தால் ஒரு நொடி நிறுத்தி, ரப்பர் கீழே இறங்கும்போது லேசாக ஒரு இழுப்பு. பாசியும் முள்செடியும் உள்ள இடத்தில் முள் வெளியே தெரியாத வீட்லெஸ் கொக்கி போடுங்கள்.

விரால் மூச்சு வாங்க மேலே வரும். குமிழி வந்த இடத்தின் தலையிலேயே போடாமல், தாண்டி வீசிப் பக்கமாகக் கொண்டுவாருங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: செந்நிறக் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து போகும் இடத்தில் தாய் தகப்பன் இரண்டும் காவல் இருக்கும், கோபத்தில் எதைப் போட்டாலும் அடிக்கும். அங்கே வீசாதீர்கள். காவல் போய்விட்டால் அத்தனை குஞ்சும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். எனக்கு அது மனசு ஒப்பாது.

பதில் (மேச்சேரி)

தட்டியதும் தூக்குவதுதான் உங்கள் மூன்று மீனையும் விட்டது. பிரெய்டு இழுபடாது, நீங்கள் சுண்டினால் அது வாயிலிருந்து ரப்பரைப் பறித்துவிடும். தட்டியதும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருங்கள், கனம் ஏறியபின் ராடைப் பக்கவாட்டில் இழுங்கள். வாளைக்கு இருட்டுதான் நேரம், பொடிப் பற்கள் நிறைய இருக்கும், தடித்த லீடர் (முள்ளுக்கு முன்னால் கட்டும் துண்டு நரம்பு) கட்டாயம்.

நீர்மட்டத்தையும் பாருங்கள். முழு அளவு 120 அடி. மட்டம் ஏறும்போது கரைப்புல் முழுகும், குட்டிமீன் அங்கே ஒதுங்கும், விராலும் கூடவே வரும். டெல்டாவுக்குத் திறந்துவிட்டு மட்டம் இறங்கும்போது கரையோரம் வெறிச்சோடிவிடும், பழைய ஆற்றுத்தடத்தின் ஆழம் தேட வேண்டும். மீன்துறையில் கேட்டுக்கொண்டு போங்கள், பரிசல்காரர்களின் வலைக்குப் பக்கத்தில் வீசாதீர்கள். அது அவர்கள் பிழைப்பு.

கேள்வி கேட்டவர்

அண்ணா எல்லோருக்கும் நன்றி. காலடியில் இழுத்துப் பார்த்தேன், பம்பரம் மாதிரி சுற்றியது! மறுபடி குத்தி, மூன்று அங்குலத்தை மெதுவாக இழுத்தேன். ஏழாவது வீச்சில் தட்டு. கை பரபரத்தாலும் தூக்காமல் சுற்றினேன். ஒன்றேகால் கிலோ விரால், முள் மேலுதட்டின் ஓரத்தில் சுத்தமாக ஏறியிருந்தது. ரப்பர்தான் கழுத்தில் பாதி கிழிந்துவிட்டது. ஒட்டலாமா?

பதில் (கொளத்தூர்)

ஒட்டலாம் தம்பி. ஈரத்தைத் துடைத்துவிட்டு, கிழிந்த இரண்டு முகத்தையும் லைட்டரில் லேசாகக் காட்டி, உருகத் தொடங்கியதும் சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். கை சுடும், பார்த்து.