ஆறு ஆப்பா, ஆறுக்கும் ஒரே அடித்தளமா? (தோல், ஷூ குழுமங்களுக்கு)

பாலாற்றங்கரை எழுதியது:

ராணிப்பேட்டையில் ஒரு டேனரி (தோல் பதனிடும் ஆலை), மேல்விஷாரத்தில் ஃபினிஷிங், ஆம்பூரில் ரெண்டு ஷூ ஃபேக்டரி. நம்ம பக்கத்து குழுமம் என்றால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். கேட்கிற ஆப்புகளும் ஏறக்குறைய இவைதான்: கேட் என்ட்ரி, ஸ்டோர்ஸ், லாட் கார்டு (ஒவ்வொரு தொகுதித் தோலுக்குமான பதிவு அட்டை), கியூசி (தரச் சோதனை), டிஸ்பாட்ச், ஷிஃப்ட் வருகை.

என் வாதம் இது. முதல் ஆப்பில் ஒரு ஸ்கிரீன் போடும் முன்பே பொது அடித்தளம் தயாராக வேண்டும். லாகின், ஆஃப்லைன் சிங்க் (லைன் இல்லாதபோது போட்டதைப் பிறகு சர்வருக்கு அனுப்புவது), மாஸ்டர் டேட்டா (எல்லா ஆப்புக்கும் பொதுவான பட்டியல்கள்), அப்டேட், பிழைப்பதிவு, ஃபார்ம் பில்டர் (கோடு எழுதாமல் செட்டிங்ஸிலேயே படிவம் உருவாக்குவது) என்று ஆறு உறுப்பு. மூன்று பேர், மூன்று மாதம். அதன்பின் எந்த ஆப் வந்தாலும் ஸ்கிரீன் வேலை மட்டுமே. இல்லையென்றால் ஆறு விதமான சிங்க் இருக்கும், கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்கு நாலு பாஸ்வேர்டு இருக்கும்.

கோட்டைவாசல் எழுதியது:

பயன்படுத்த ஒரு ஆள்கூட இல்லாம மூணு மாசம் அடித்தளம் கட்டினா, அது ஆப் இல்லீங்க, ஆப்பு.

ஃபார்ம் பில்டரையே எடுத்துக்குங்க. டேனரிக்குள்ள தோல் வரும்போது பீஸ் கணக்கு, கிலோ கணக்கு. டிரம்முல போடும்போது லாட் எடை, ஏன்னா கெமிக்கலை அந்த எடைக்கு இத்தனை சதவீதம்னுதான் போடுவாங்க. ஃபினிஷிங் முடிஞ்சு அளக்கும்போது சதுர அடி. ஷூவுல ஜோடி, அதுவும் சைஸ்வாரியா. இந்த நாலையும் "அளவு", "யூனிட்" அப்படின்னு ரெண்டு கட்டத்துல அடக்கலாம்னு எல்லாருக்கும் முதல்ல தோணும். ரெண்டாவது மாசம், சைஸ்வாரி இருந்தா மட்டும் இந்தக் கட்டத்தைக் காட்டுன்னு ஒரு நிபந்தனை வரும். நாலாவது மாசம் நிபந்தனைக்குள்ள நிபந்தனை. கடைசியில செட்டிங்ஸ் ஃபைலே ஒரு புரோகிராமிங் மொழியா மாறிடும். அதுக்கு டீபக்கரும் (தப்பு தேடுற கருவி) கிடையாது, தெரிஞ்ச ஆளும் கிடையாது.

முதல் ஆப்பைத் தனியா எழுதுங்க. ரெண்டாவதையும் தனியா எழுதுங்க, வெட்கப்படாம காப்பி அடிங்க. மூணாவது எழுதும்போது மூணுலயும் ஒரே மாதிரி என்ன இருக்குன்னு கண்ணுக்கே தெரியும். அதை மட்டும் பிரிச்சு பொதுவாக்குங்க.

பாலாற்றங்கரை எழுதியது:

ஃபார்ம் பில்டரை விட்டுவிடுகிறேன், நியாயம்தான். ஆனால் சிங்க்கை மூன்றாவது ஆப்வரை தள்ளிப்போட முடியாது. காப்பி அடித்து மூன்று இடத்தில் வைத்தால் ஒரே தவறு மூன்று இடத்தில் இருக்கும். எங்கே தவறு நடக்கிறது என்பதைப் பாருங்கள்.

டேனரியின் உள்பக்கம் சிக்னல் ஒரு கோடு, அல்லது அதுவும் இல்லை. சூப்பர்வைசர் 40 பீஸ் என்று போட்டு "சேமி" அழுத்துகிறார். சர்வருக்குப் போய்ப் பதிவாகிவிட்டது, பதில் திரும்பும் வழியில் லைன் போய்விட்டது. ஆப் திரும்ப அனுப்புகிறது. ஸ்டாக்கில் 80 பீஸ். மாதக் கடைசி வரை யாருக்கும் தெரியாது.

இதற்கு மருந்து: "சேமி" அழுத்திய நொடியில் போனிலேயே ஒரு யூயூஐடி (வேறெதற்கும் வராத தனி அடையாள எண்) உருவாக வேண்டும். என்ட்ரியும், அனுப்பவேண்டிய வரிசையில் அதற்கான வரியும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எஸ்கியூலைட்டில் (போனுக்குள்ளேயே இருக்கும் டேட்டாபேஸ்) எழுதப்பட வேண்டும்; எழுதினால் இரண்டும், இல்லையென்றால் இரண்டும் இல்லை. சர்வரில் அந்த ஐடிக்கு யூனிக் கட்டுப்பாடு, அதாவது ஒரே ஐடி இரண்டு முறை பதிவாகக் கூடாது. அதே ஐடி மறுபடி வந்தால் புதிதாக எழுதாமல் பழைய பதிலையே திருப்பி அனுப்ப வேண்டும். எந்த என்ட்ரி முன், எது பின் என்பதற்குப் போன் கடிகாரத்தை நம்பக்கூடாது. வருகை ஆப்பில் அதை மாற்றி வைக்க ஆள் இருப்பார்கள். போன் நேரம், சர்வர் நேரம் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, "அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை பின்னணியில் சிங்க் ஆகும்" என்று யாரும் வாக்குக் கொடுக்காதீர்கள். ஆண்ட்ராய்டில் பின்னணி வேலைகளை ஓட்டும் ஒர்க்மேனேஜரில் திரும்பத்திரும்ப ஓடும் வேலைக்குக் குறைந்தபட்ச இடைவெளி 15 நிமிடம். போன் சும்மா கிடந்து டோஸ் (தூக்க) நிலைக்குப் போனால் அதுவும் தள்ளிப்போகும். பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று பின்னணி வேலையை அடியோடு நிறுத்தும் போன்களும் உண்டு. ஆகவே ஆப் திறந்திருக்கும்போதே அனுப்பிவிட வேண்டும், "3 என்ட்ரி இன்னும் போகவில்லை" என்று மேலே சிவப்பில் காட்ட வேண்டும். கியூசி போட்டோக்களுக்குத் தனி வரிசை. இல்லையென்றால் ஒரு போட்டோ மாட்டிக்கொண்டு பின்னால் நிற்கும் முப்பது என்ட்ரியையும் நிறுத்திவிடும்.

இவ்வளவையும் ஆறு முறை எழுதச் சொல்கிறீர்களா?

கேட்_நம்பர்_2 எழுதியது:

மாஸ்டர் டேட்டாவுக்கு நம்ம ஊர்லயே உதாரணம் இருக்கு. 2019-ல வேலூர் மாவட்டம் மூணாச்சு. வாலாஜா, அரக்கோணம் ராணிப்பேட்டை மாவட்டத்துக்கும், ஆம்பூர், வாணியம்பாடி திருப்பத்தூருக்கும் போச்சு. மாவட்டப் பட்டியலைக் கோடுக்குள்ளயே எழுதி வெச்ச ஆப்புல ஆம்பூர் இன்னமும் வேலூர்லதான் கீது. அப்படி ஆறு ஆப் இருந்தா ஆறு ரிலீஸ் விடணும். பின்கோடு மட்டும் மாறல, ஆம்பூர் அப்பவும் 635802, இப்பவும் 635802. அட்ரஸைப் பின்கோடை வெச்சுப் பிடிங்க, மாவட்டப் பேரு சர்வர்லேர்ந்து வரட்டும்.

வண்டி நம்பரும் அப்படித்தான். முதல்ல ரெண்டு எழுத்து, அப்புறம் ரெண்டு எண்ணுனு செக் போட்டிருப்பாங்க. 2021-ல எல்லா மாநிலத்துக்கும் பொதுவான பிஎச் (பாரத்) வரிசை வந்துச்சு. அதுல பதிவு பண்ண ஆண்டோட கடைசி ரெண்டு எண்தான் முதல்ல வரும். அப்படி நம்பர் உள்ள பையர் (சரக்கு வாங்குறவர்) கார் கேட்டுக்கு வந்தா ஆப் ஏத்துக்காது, வாட்ச்மேன் ஏதோ ஒரு டிஎன் 23 நம்பரை அடிச்சு உள்ள விட்ருவார். ரெஜிஸ்டர்ல பொய் ஏறிடும். செக் பண்ற விதியையும் வெர்ஷன் நம்பரோட சர்வர்லேர்ந்து அனுப்புங்க. பொருந்தலைன்னா எச்சரிக்கை காட்டினா போதும், தடுக்க வேணாம்.

கோட்டைவாசல் எழுதியது:

ரெண்டு பேரும் சொல்றது சரி. ஆனா நீங்க சொல்றது லைப்ரரி, அதாவது ஆப்புகள் எடுத்துப் பயன்படுத்திக்கிற பொதுக் கோடு. நான் எதிர்க்கிறது பிளாட்ஃபார்மை. ரெண்டும் ஒண்ணு இல்ல. லைப்ரரியை ஆப் கூப்பிடும், பிளாட்ஃபார்ம் ஆப்பைக் கூப்பிடும். முதல்ல சொன்னதை வேணாம்னா கழட்டிப் போடலாம். ரெண்டாவதுக்குள்ள குடித்தனம் போயிட்டா வெளிய வர முடியாது.

அடுத்து என்ன கேப்பீங்கன்னு தெரியும்: "ஒரே ஆப், உள்ள ஆறு மாட்யூல்." அங்கதான் அடி விழும். லாட் கார்டு மாட்யூல்ல ஒரு தப்பு, ஆப் திறந்த உடனே கிராஷ். அதே ஆப்தான் கேட்டுலயும் ஓடுது. லாட் கார்டுக்கும் லாரிக்கும் சம்பந்தமே இல்ல, ஆனா சிப்காட் ரோட்டுல லாரி வரிசை நிக்கும். தனித்தனி ஆப்பா வெச்சு, பொது லைப்ரரியோட வெர்ஷனை ஒவ்வொண்ணுலயும் பூட்டி வைங்க. டிஸ்பாட்ச் 2.3-ல இருக்கட்டும், கேட் 2.1-லயே இருக்கட்டும். கேட் ஆப் ஒழுங்கா ஓடுதுன்னா அதைத் தொடாதீங்க. ஆப்புங்க பேசுற சர்வர் ஏபிஐ மட்டும் பழைய ரெண்டு வெர்ஷனையும் தாங்கணும்.

பாலாற்றங்கரை எழுதியது:

தனி ஆப் என்றால் ஒரே லாகின் எப்படி?

கோட்டைவாசல் எழுதியது:

லாகின் பக்கத்தை வெப்வியூல (ஆப்புக்குள்ளயே திறக்குற குட்டி பிரவுசர்) காட்டாதீங்க. போன்ல இருக்கிற பிரவுசர் வழியா, பிகேசிஇ முறையில (லாகின் கோடை நடுவுல திருடினாலும் பயன்படுத்த முடியாத முறை) பண்ணுங்க. ஒரு ஆப்புல லாகின் ஆனா பிரவுசர்ல செஷன் இருக்கும், அடுத்த ஆப் பாஸ்வேர்டு கேக்காது. வெப்வியூல ஒவ்வொரு ஆப்புக்கும் குக்கீ (லாகினை நினைவுல வைக்கிற குறிப்பு) தனி, அதனாலதான் நாலு பாஸ்வேர்டு. ஒரு எச்சரிக்கை: ஒரே போனை மூணு ஷிஃப்ட் ஆளுங்க பயன்படுத்துற இடத்துல ஷிஃப்ட் முடிவுல பிரவுசர் செஷனையும் சேர்த்து மூடணும். ஆப்ல மட்டும் லாக்அவுட் பண்ணா அடுத்த ஷிஃப்ட்காரர் முந்தினவர் பேர்லயே என்ட்ரி போடுவார்.

கேட்_நம்பர்_2 எழுதியது:

ஆப்பை வாட்ஸ்அப்புல ஏபிகே ஃபைலா (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவுற ஃபைல்) அனுப்புறவங்களுக்கு: சைனிங் கீ (ஆப் நம்மோடதுதான்னு கையெழுத்துப் போடுற சாவி) தொலைஞ்சா அதே பேர்ல அப்டேட் ஏறாது. பழசை அழிச்சுட்டுத்தான் புதுசு போடணும். அழிச்சா இன்னும் அனுப்பாத என்ட்ரி அத்தனையும் கூடவே போயிடும். கீயை டெவலப்பர் லேப்டாப்ல வைக்காதீங்க. குழுமத்துக்கு மட்டும்னா மேனேஜ்டு கூகுள் பிளேல (நிறுவனங்களுக்கான பிளே ஸ்டோர்) பிரைவேட் ஆப்பா விடுங்க. டீலர்களுக்குன்னு ஒரு ஆப் எல்லாரும் பார்க்கிற பிளே ஸ்டோர்ல இருந்தா வருஷா வருஷம் டார்கெட் ஏபிஐ லெவலை (எந்த ஆண்ட்ராய்டு வெர்ஷனுக்காக எழுதினதுங்கிற எண்) ஏத்தியாகணும். குழுமத்துக்குள்ள மட்டும்னு பூட்டின ஆப்புக்கு அந்தக் கட்டாயம் இல்ல.

உம்மராபாத்_மாப்ள எழுதியது:

பொதுவுல வைக்கவேண்டியதை எல்லாரும் விட்டுட்டீங்க பாய். மொழி!

ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம்னா உருதுல ஆப் வேணும்னு கேக்குற சூப்பர்வைசர் கண்டிப்பா இருப்பார். உருது வலமிருந்து இடம். ஸ்கிரீன்ல "இடது", "வலது"னு இடைவெளி கொடுத்திருந்தா மொத்தத்தையும் திரும்ப எழுதணும். "தொடக்கம்", "முடிவு"னு கொடுத்திருந்தா தானா திரும்பிக்கும். இது முதல் நாளே முடிவு பண்ணவேண்டிய விஷயம், மூணாவது ஆப் வரைக்கும் காத்திருக்க முடியாது கோட்டைவாசல்.

அதைவிட மோசம் லாட் நம்பர். உருது வாக்கியத்துக்கு நடுவுல 214-3 போட்டா திரையில 3-214 ஆ தெரியும். கோடு தப்பில்ல, டேட்டா தப்பில்ல, காட்டுற விதி அப்படி. எழுத்துத் திசையைத் தனிமைப்படுத்துற குறியை நம்பரைச் சுத்திப் போட்டாத்தான் சரியாகும். வேற லாட்டை டிரம்முல ஏத்தின பிறகு கண்டுபிடிச்சுப் பிரயோஜனம் இல்ல.

தமிழுக்கும் ஒண்ணு. இங்கிலீஷுக்கு அளவெடுத்த பட்டன்ல "ஒப்புதல் நிலுவையில் உள்ளது" அடங்காது. வரி உயரத்தைக் கட்டிப்போட்டா "கி", "சீ" மேல்விலங்கு வெட்டுப்படும். பட்டன் அளவுக்கு ஆண்ட்ராய்டு பரிந்துரை 48 டிபி (திரையில அளக்குற அலகு), ஆனா ஈரக் கையுறையோட அழுத்துறவருக்கு 64 கொடுங்க.

கோட்டைவாசல் எழுதியது:

இதை ஒத்துக்கிறேன். திசை, எழுத்துரு, நம்பர் காட்டுற விதம், இதெல்லாம் பொது லைப்ரரிக்குள்ள முதல் நாளே. சிங்க்கும் முதல் நாளே, ஆனா கேட் ஆப்போட சேர்த்து எழுதணும், தனியா மூணு மாசம் இல்ல. கேட்டுல ஓடி நிரூபிக்காத எதையும் "அடித்தளம்"னு கூப்பிடாதீங்க.

பாலாற்றங்கரை எழுதியது:

கேட் ஆப்புக்கு ஆறு வாரம் என்று வைத்துக்கொண்டால் எனக்குச் சம்மதம். ஒன்றே ஒன்று பாக்கி. தராசிலிருந்து புளூடூத் வழியாக எடையைப் படிப்பது பொதுவிலா, டேனரி ஆப்பிலா?

கோட்டைவாசல் எழுதியது:

டேனரி ஆப்ல. ரெண்டாவதா ஒரு யூனிட்டும் (ஃபேக்டரி) அது வேணும்னு வர்ற வரைக்கும்.

பாலாற்றங்கரை எழுதியது:

ரெண்டாவது யூனிட்டில் வேறு கம்பெனி தராசு இருக்குமே.

கோட்டைவாசல் எழுதியது:

அதுக்குத்தான் சொல்றேன்.