அஃபோர்டன்ஸ்: 'இடங்கொடை' பொருந்துமா?

அன்புடையீர்,

ஒரு பொருள் ஒருவருக்கு எந்தச் செயலுக்கு வாய்ப்பளிக்கிறது என்பதைக் குறிக்கும் 'அஃபோர்டன்ஸ்' (affordance) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் 'பயன்படுதன்மை' என்று தேவகோட்டை அம்மையார் முன்மொழிந்திருந்தார். எனக்கு உடன்பாடில்லை. ஒரு செயலி எளிதில் கைவருகிறதா, பிழையின்றி வேலை முடிகிறதா என்று அளக்கும்போது, அதாவது 'யூசபிலிட்டி' (usability) என்பதற்கு, அந்தச் சொல் நமக்குத் தேவைப்படும். இரண்டையும் ஒன்றில் அடைத்தால் இடைமுக வடிவமைப்பின் முதல் பாடத்திலேயே மாணவர்கள் குழம்புவார்கள். 'வசதி'யும் வேண்டாம், அது வங்கி விளம்பரங்களுக்கே இருக்கட்டும்.

சொல்லை உருவாக்கியவர் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் கிப்சன். 1979இல் வெளிவந்த தம் நூலில் அவர் விளக்குவது இது: முழங்கால் உயரத்தில் சமமான, உறுதியான பரப்பு இருந்தால் அதில் உட்காரலாம், ஆனால் யாருடைய முழங்கால்? காரைக்குடியில் பாடம் நடத்துகிற எனக்கு எடுத்துக்காட்டுத் தேடி அலைய வேண்டியதில்லை. செட்டிநாட்டு வீட்டின் முகப்புத் திண்ணை பெரியவர் உட்கார இடம் கொடுக்கிறது. தவழும் குழந்தைக்கு அதே திண்ணை வெறும் சுவர். கல்லும் காரையும் மாறவில்லை, ஆள்தான் மாறினார். கிப்சன் பெயரிட்டது பொருளுக்கும் ஆளுக்கும் இடையிலான இந்த உறவுக்கு. ஆகவே 'தன்மை' என்று முடியும் எந்தச் சொல்லும் இங்கே சறுக்கும்.

'உடம்பு இடம் கொடுக்கவில்லை' என்கிறோம் அல்லவா? அந்த வழக்கிலிருந்தே 'இடங்கொடை'யை எடுத்தேன். யாருக்கு, எதற்கு என்ற கேள்விகள் அதில் தாமாகவே எழுகின்றன.

வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் நார்மன் 1988இல் இதை வடிவமைப்புத் துறைக்குக் கொண்டுவந்தார். திரையில் வரைந்த பொத்தானையெல்லாம் அப்பெயரால் அழைக்கத் தொடங்கிவிட்டார்கள் என்று கண்டு, எங்கே என்ன செய்யலாம் என்று காட்டும் அடையாளத்தைப் பின்னர் 'சிக்னிஃபையர்' (signifier) என்று தனியே பிரித்தார். தொடுதிரை எங்கும் விரல் வைக்க இடம் கொடுக்கும். எங்கே வைத்தால் பலன் என்று காட்டுவது பொத்தானின் படம். இதற்குச் 'செயற்குறி' ஒத்துவராது. பள்ளிக் கணினிப் பாடநூலில் அது கூட்டல், கழித்தல் குறி போன்ற ஆபரேட்டருக்குப் போய்விட்டது. இலக்கியத் திறனாய்வாளர்களின் 'குறிப்பான்' போதும்.

— காரைக்குடியிலிருந்து

ஐயா,

'இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்' என்பதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. அது போகட்டும், 'பயன்படுதன்மை'யை விட்டுக்கொடுக்கிறேன்.

என் தயக்கம் கூட்டுச்சொற்களில். இடைமுக ஆய்வாளர் வில்லியம் கேவர் 1991இல் அஃபோர்டன்ஸைப் புலப்படுவது, மறைந்திருப்பது, பொய்யானது என்று பிரித்துக் காட்டினார். மின்னஞ்சல் பட்டியலில் ஒரு வரியை ஒரு பக்கமாகத் தள்ளினால் அது அழிகிறது, ஆனால் அதற்கான அடையாளம் ஏதும் திரையில் இல்லை என்று வையுங்கள். அதை 'மறை இடங்கொடை' எனலாம். அடிக்கோடிட்டிருந்தும் இணைப்பே இல்லாத சொல்லை என்ன செய்வது? 'பொய் இடங்கொடை' என்றால் முரணாக இருக்கிறது. அங்கே இடமே கொடுக்கப்படவில்லை, கொடுப்பதுபோல் ஒரு கோடு நடிக்கிறது. குற்றம் கோட்டின்மேல்தான் என்பதால், உங்கள் இரண்டாவது சொல்லைக் கொண்டு 'போலிக் குறிப்பான்' என்றே வைத்துவிடலாம். கேவரின் வகைப்பாடு இதனால் சற்றுக் கலையும். எனக்கு அதில் வருத்தமில்லை.

— தேவகோட்டையிலிருந்து