பூமராங் ரோலர் கோஸ்டர்: தலைகீழ் மூணா, ஆறா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கொச்சிக்கு ஸ்கூல் டூர் கூட்டிட்டுப் போற ஒருத்தர் நம்ம பக்கம் நோட்டீஸ் ஒட்டியிருக்காருங்க. 'பூமராங் ரோலர் கோஸ்டர்! ஆறு தலைகீழ்!' பாத்ததும் பத்திக்கிட்டு வந்துச்சு. பூமராங் தடத்துல வண்டி தலைகீழாப் புரள்ற இடம் மூணுதான். பாம்புப் படம் மாதிரி வளையற கோப்ரா ரோல்ல ரெண்டு, முழுசாச் சுத்தி வர்ற லூப்புல ஒண்ணு. படிக்கிற பிள்ளைககிட்டப் பொய் சொல்லிக் காசு வாங்காதீங்க.

வாளையார் எக்ஸ்பிரஸ்:
என்ன பொய்ங்கண்ணா? வண்டி முன்னால போறப்ப மூணு, அதே தடத்துல பின்னால வர்றப்ப மூணு. கூட்டத் தெரியாதா?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
கூட்டத் தெரியும். எதைக் கூட்டறதுன்னுதான் உங்களுக்குத் தெரியலை. இங்கிலாந்து ஆல்டன் டவர்ஸ் பார்க்ல ஸ்மைலர்னு ஒரு கோஸ்டர், 2013ல வந்தது. ஒரே தடத்துல 14 தலைகீழ், அதுதான் உலக சாதனை. வந்த வழியே திரும்பறதை எல்லாம் சேத்துக்கலாம்னா அந்தச் சாதனைக்கு என்ன மதிப்பு? மூணு.

வாளையார் எக்ஸ்பிரஸ்:
இங்கிலாந்து எதுக்கு? வாளையார்ல இருந்து பாலக்காடு போய்த் திரும்பினா பஸ்ல ரெண்டு டிக்கெட்டுதானே எடுக்கறீங்க?

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
டிக்கெட் ரெண்டு. நடுவுல இருக்கற பாலம் ரெண்டாயிடுமா?

சித்தூர் டீச்சர்:
நான் பிள்ளைகளோடு கொச்சி வொண்டர்லா பார்க்கில் ரீகாயில் என்ற ரோலர் கோஸ்டரில் ஏறியிருக்கிறேன். அதுவும் முன்னால் போய்ப் பின்னால் வருகிற வகைதான். திரும்பி வரும்போது வளைவு வருவது கண்ணுக்கே தெரியாது, பயம் அப்போதுதான் அதிகம். அதைக் கணக்கில் சேர்க்காதே என்றால் எப்படி? என் ஓட்டு ஆறுக்கு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
டீச்சர், பயத்தை எண்ணச் சொல்லி யாரும் கேக்கலை. இரும்பை எண்ணச் சொல்றேன். கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைல இரும்போட கிடந்தவன் நான். தடத்துல இருக்கற வளைவு மூணு.

வாளையார் எக்ஸ்பிரஸ்:
கஞ்சிக்கோட்டுல கம்பி வளைச்சா ரோலர் கோஸ்டர் தெரிஞ்சிருமா?

பொள்ளாச்சி மெக்கானிக்:
குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணும். பூமராங் தடத்தோட ரெண்டு முனையிலயும் கோபுரம் இருக்குமில்ல, அதுல ரெண்டாவது கோபுரத்துல வண்டியை இழுக்கற செயினே தேவையில்லைங்க. முதல் கோபுரத்துல இருந்து விட்ட வேகத்துலயே வண்டி மேல ஏறிக்கும்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
மெக்கானிக்னு பேர் வெச்சுட்டு இப்படி எழுதலாமா? வண்டியைப் பின்னாலயே இழுத்துட்டுப் போய் 35 மீட்டர் உயரக் கோபுரத்துல இருந்து விடறாங்க. மோட்டார் வேலை அதோட முடிஞ்சது. மணிக்கு 75 கிலோமீட்டர் வேகத்துல ஸ்டேஷனைத் தாண்டி, மூணு தலைகீழும் போட்டு வர்றதுக்குள்ள சக்கர உராய்வும் காத்தும் கொஞ்சம் வேகத்தைத் தின்னுரும். மறுபடி அதே உயரம் எப்படி ஏறும்? அதனாலதான் ரெண்டாவது கோபுரத்துல செயின் புடிச்சு மீதியை இழுத்து, உச்சியில இருந்து திருப்பி விடுது. மலம்புழா ரோப்வே பேச்சு வந்தப்பவும் இவர் இப்படித்தான் தெரியாம வாயைக் கொடுத்தார்.

பொள்ளாச்சி மெக்கானிக்:
ரோப்வேயை இங்க ஏன் இழுக்கறீங்க? கேரளாக்காரங்க எல்லாம் எஞ்சினியர், நாங்க ஒண்ணும் தெரியாதவங்களா?

வாளையார் எக்ஸ்பிரஸ்:
யாருங்க கேரளாக்காரன்? நாங்களும் தமிழ்தான் பேசறோம். அதை விடுங்க. செயின் மறுபடி இழுத்து விடுதுன்னு அண்ணனே ஒத்துக்கிட்டார். அப்ப அது புது ஓட்டம். புது ஓட்டத்துல மூணு, ஆக ஆறு.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நான் எதையும் ஒத்துக்கலை!

சித்தூர் டீச்சர்:
சண்டைக்கு நடுவில் ஒன்று கேட்கிறேன். லூப் ஏன் சரியான வட்டமாக இல்லை? பிள்ளைகள் கேட்டார்கள்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
நல்ல கேள்வி டீச்சர். 1895ல அமெரிக்காவுல கோனி ஐலண்டுல ஃபிளிப் ஃபிளாப்னு ஒண்ணு, சுத்த வட்டமா லூப்பு கட்டினாங்க. நேர் தடத்துல இருந்து வட்டத்துக்குள்ள நுழைஞ்ச நொடியில அத்தனை அழுத்தமும் ஒரேயடியா விழுந்து ஏறினவங்க கழுத்தைப் பதம் பாத்துச்சு. அப்புறம் வெர்னர் ஸ்டெங்கல்னு ஜெர்மன் எஞ்சினியர் கணக்குப் போட்டு, கீழ அகலமா, மேல போகப் போக வளைவு இறுகற மாதிரி பண்ணினார். 1976ல கலிஃபோர்னியா மேஜிக் மவுண்டன் பார்க்ல வந்த ரெவல்யூஷன் கோஸ்டர் அப்படித்தான். வேகமா நுழையற இடத்துல வளைவு பெருசு, அதனால அழுத்தம் கம்மி. உச்சியில வேகம் கொறஞ்சிரும், அங்க சின்ன வளைவு போதும். இத்தனை கணக்குப் போட்டு வளைச்ச இரும்புங்க அது. அதை ஒருத்தர் நோட்டீஸ்ல ரெண்டு தடவை எண்ணி விக்கறார். அதான் எனக்கு வயித்தெரிச்சல்.

வாளையார் எக்ஸ்பிரஸ்:
ஏறினவன் தலை எத்தனை தடவை கீழ போச்சு? அதை மட்டும் சொல்லுங்க.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தடத்துல மூணு.

வாளையார் எக்ஸ்பிரஸ்:
தலையைக் கேட்டேன்.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
தடத்துல மூணு. நோட்டீஸ்காரருக்குப் போன் பண்ணிச் சொல்லிட்டேன். மாத்த மாட்டேங்கறார்.

பொள்ளாச்சி மெக்கானிக்:
அவர் மாத்தறது இருக்கட்டும். ரோப்வேன்னு என்னைப் பத்தி எழுதின வரியை எடுங்க முதல்ல.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:
எடுக்க மாட்டேன். செயின் தேவையில்லைன்னு எழுதினதை நீங்க எடுங்க.

வாளையார் எக்ஸ்பிரஸ்:
ஆறு.