பதில்: 'நிபந்தனைக்குட்பட்ட அத்தியாவசிய அமினோ அமிலம்' – வேறு சொல் தேடலாமா?

வணக்கம். புரதத்தின் கட்டுமானக் கூறுகளான அமினோ அமிலங்களில் சிலவற்றை உடல் வழக்கமாகத் தானே ஆக்கிக்கொள்ளும், ஆனால் சில வேளைகளில் அது போதாமல் உணவிலும் வேண்டியிருக்கும். இவற்றுக்கு இப்போது நாம் சொல்வது 'நிபந்தனைக்குட்பட்ட அத்தியாவசிய அமினோ அமிலம்'. இதற்கு வேறு சொல் தேடலாமா என்ற கேள்விக்கு என் பதில் இது.

> இப்போதுள்ள சொல்லே இருக்கட்டுமே. பொருள் சரியாகத்தானே இருக்கிறது?

பொருள் சரிதான். ஆனால் முதன்முதலாகப் படிப்பவர் "என்ன நிபந்தனை?" என்று கேட்டால் அந்தச் சொல்லுக்குள் விடை இல்லை. நிபந்தனை என்றதும் ஒப்பந்தமும் கடன் பத்திரமும்தான் நினைவுக்கு வருகின்றன. உடலுக்குள் நடப்பது எதுவும் கண்ணில் தெரிவதில்லை.

பன்றிக்குட்டியின் குடலைக் கொஞ்சம் பார்த்துவிட்டுச் சொல்லுக்கு வருகிறேன். பண்ணைகளில் பன்றிக்குட்டிகளைப் பெரும்பாலும் 3, 4 வாரங்களில் பால் மறக்கடிக்கிறார்கள். தாயைப் பிரிந்து தீவனத்துக்கு மாறும் முதல் சில நாட்கள் குட்டி சரியாகத் தின்பதில்லை. உணவை உறிஞ்சும் விரல் போன்ற குடலுறிஞ்சிகள் குட்டையாகின்றன. குடல் செல்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகள் தளர்கின்றன. அப்புறம் கழிச்சல். உறிஞ்சிகளைப் போர்த்தியிருக்கும் செல்கள் சில நாட்களே வாழ்பவை, ஓயாமல் புதிதாக வந்துகொண்டே இருக்க வேண்டும். அவற்றுக்கு முக்கியமான எரிபொருள் குளுட்டமைன், குளுட்டமேட் என்ற இரு அமினோ அமிலங்கள். தீவனத்தில் வரும் குளுட்டமேட்டில் மிகப் பெரும்பகுதி குடலைத் தாண்டி இரத்தத்துக்குப் போவதே இல்லை, குடலே செலவழித்துவிடுகிறது.

இந்த இரண்டும் பாடநூல்களில் எந்தப் பட்டியலில் இருக்கின்றன? 'அத்தியாவசியமற்றவை'. எனக்கு உறுத்துவது இதுதான். உடலே ஆக்கிக்கொள்ளும் என்பதை மட்டும் குறிக்க வந்த சொல், "தேவையில்லை" என்று காதில் விழுகிறது. தீவனம் கலப்பவர் அதை நம்பினால் குட்டிதான் அனுபவிக்கும்.

குழுவில் வந்த சொற்களைப் பார்த்தேன். 'சமயத்தேவை' அழகாக இருக்கிறது, ஆனால் மதம் குறுக்கே வந்து நிற்கும். 'பருவத்தேவை' வயதை மட்டும் சொல்கிறது, நோயில் வரும் தேவையை விட்டுவிடுகிறது. 'இடர்த்தேவை'தான் என்னை அதிகம் இழுத்தது. பால் மறக்கடிப்பு, நோய், காயம் எல்லாம் அதில் அடங்கும். ஆனால் அர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திடம் அது தோற்கிறது. தாய்ப்பன்றியின் பாலில் அர்ஜினைன் குறைவு. குட்டி தன் குடல் செல்களில் சிட்ருலின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைச் செய்து, அதிலிருந்து அர்ஜினைனை ஆக்கிக்கொள்ள வேண்டும். பிறந்து ஒரு வாரம் ஆவதற்குள் அந்த ஆக்கமும் சரிந்துவிடுகிறது. நோயில்லை, இடரில்லை, குட்டி நன்றாகப் பால் குடிக்கிறது. ஆனாலும் முழு வேகத்தில் வளர அது போதவில்லை.

போதவில்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் பொது. தேவை கூடினாலும் சரி, ஆக்கம் குறைந்தாலும் சரி. ஆகவே என் பரிந்துரை: தன்னாக்கம் போதா அமினோ அமிலம். 'அத்தியாவசியமற்ற' என்பதைத் 'தன்னாக்க அமினோ அமிலம்' என்று மாற்றினால் இரண்டும் இணையாக நிற்கும். உடலால் ஆக்கவே முடியாதவற்றைக் குறிக்கும் 'இன்றியமையா' நன்றாக வேரூன்றிவிட்டது, அதைத் தொட வேண்டாம். 'குறையாக்கம்' என்று சுருக்கிப் பார்த்தேன். குறையுள்ளதாக ஆக்குவது என்ற பொருளும் தொனிப்பதால் விட்டுவிட்டேன்.

> அப்படியானால் திரியோனைனையும் இதில் சேர்க்கலாமே?

கூடாது. திரியோனைன் என்ற அமினோ அமிலத்தைக் குடல் ஏராளமாக எடுத்துக்கொள்வது உண்மை. குடல் சளியிலுள்ள மியூசின் புரதத்தில் அது மிகுதி. பன்றிக்குட்டி தின்னும் திரியோனைனில் பாதிக்கும் மேல் குடல் பகுதியிலேயே தங்கிவிடுகிறது. ஆனால் விலங்கின் உடல் அதை ஆக்கவே முடியாது. 1935-இல் அமெரிக்க உயிர்வேதியியலாளர் வில்லியம் ரோஸ் அதைக் கண்டறிந்ததே, எலிகள் அது இல்லாமல் வளரவில்லை என்பதால்தான். தன்னாக்கமே இல்லாதபோது 'போதா' என்று சொல்ல முடியாது. இந்த எல்லையைச் சொல்லே காட்டிக்கொடுப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

கன்றுக்கும் சொல் பொருந்தும். பிறந்த கன்றின் முதல் இரைப்பை இன்னும் வேலை தொடங்கியிருக்காது. அங்குள்ள நுண்ணுயிர்கள் புரதம் செய்து தரும் காலம் வரும்வரை அதுவும் பன்றிக்குட்டியைப் போலப் பாலில் வருவதையும் தன்னாக்கத்தையும்தான் நம்பியிருக்கிறது.

ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: "பால் மறக்கடித்த முதல் வாரத்தில் குளுட்டமைன், குட்டிக்குத் தன்னாக்கம் போதா அமினோ அமிலம் ஆகிவிடுகிறது." வாய்விட்டுப் படித்தபோது எங்கும் இடறவில்லை. கால்நடை மருத்துவம் படித்தவர்கள் தங்கள் வாக்கியங்களிலும் போட்டுப் பார்த்து, இடறும் இடத்தை எழுதுங்கள்.