டெபியனில் ஓடும் ரியல்டைம் கோடு ஆல்பைனில் ஈநோசிஸ் காட்டுகிறது

கேள்வி:
ராஸ்பெர்ரி பையில் ஸ்டெப்பர் மோட்டார் ஓட்டுகிறேன், 1 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை லூப் சுற்ற வேண்டும். டெபியன் லினக்ஸ் கன்டெய்னரில் ஸ்கெட்_செட்ஸ்கெடியூலர் (எந்த முறையில் ஓட வேண்டும் என்று மாற்றும் ஃபங்ஷன்) கூப்பிட்டு ஃபிஃபோ (ரியல்டைம் முறை), ப்ரையாரிட்டி 80 கொடுத்தால் ஒழுங்காக ஓடியது. இமேஜ் சின்னதாக இருக்கட்டுமே என்று ஆல்பைன் லினக்ஸுக்கு மாறினேன், அதே கோடு இப்போது ஈநோசிஸ் (இந்த ஃபங்ஷன் இங்கே இல்லை என்ற பிழை) என்கிறது. ரூட்டாகத்தான் ஓட்டுகிறேன், சிஸ்_நைஸ் (ப்ரையாரிட்டியை உயர்த்தும்) அனுமதியும் கொடுத்தாயிற்று. கெர்னலில் எதையாவது ஆன் செய்ய வேண்டுமா?

பதில் 1:
கெர்னலை விடுங்கள், உங்கள் அழைப்பு அதுவரை போகவே இல்லை. கெர்னல் வரை போய் அனுமதி மறுக்கப்பட்டிருந்தால் ஈபெர்ம் (அனுமதி இல்லை என்ற பிழை) வந்திருக்கும். ஆல்பைனில் இருப்பது மசல் என்ற சி லைப்ரரி, அதில் இந்த ஃபங்ஷன் வேறெதுவும் செய்யாமல் ஈநோசிஸைத் திருப்பித் தரும், தெரிந்தே அப்படி எழுதியிருக்கிறார்கள். பாசிக்ஸ் (யூனிக்ஸ் வகை சிஸ்டங்களுக்கான ஸ்டாண்டர்டு) கணக்கில் அது ப்ராசஸ் முழுவதற்குமானது, லினக்ஸின் சிஸ்டம் காலோ ஒரே ஒரு த்ரெட்டை மட்டும்தான் மாற்றும். டெபியனின் சி லைப்ரரியான ஜிலிப்சி இதைக் கண்டுகொள்வதில்லை, வந்ததை அப்படியே கெர்னலுக்குத் தள்ளிவிடும். பிதிரெட்_செட்ஸ்கெட்பாரம் போடுங்கள், பாசிக்ஸிலேயே அது த்ரெட்டுக்கானதுதான், இரண்டு இடத்திலும் ஓடும்.

பதில் 2:
விளக்கம் சரி, ஆனால் எனக்கு மசல் செய்வது வறட்டுப் பிடிவாதமாகத்தான் படுகிறது. ஊரில் பாதிப் பேர் லினக்ஸ் நடத்தையை நம்பி எழுதிவிட்டார்கள், ஸ்டாண்டர்டைக் காட்டிக் கதவைச் சாத்தினால் என்ன செய்வது? அது கிடக்கட்டும். நீங்கள் ஃபிஃபோ கொடுத்துவிட்டதாலேயே ரியல்டைம் ஆகிவிடாது. யூநேம் -ஏ (கெர்னல் விவரம் காட்டும் கமாண்ட்) அடித்தால் ப்ரீம்ப்ட்_ஆர்டி (ரியல்டைம் கெர்னல்) என்று வருகிறதா? 2024 நவம்பரில் வந்த 6.12-இலிருந்து தனி பேட்ச் இல்லாமலே மெயின்லைன் கெர்னலை அப்படி பில்ட் செய்யலாம். எம்லாக்ஆல் (மெமரியை ரேமிலேயே பூட்டிவைப்பது) போடவில்லையென்றால் பேஜ் ஃபால்ட் ஒன்று வந்து உங்கள் 1 மில்லிசெகண்டை விழுங்கிவிடும். தூங்குவதற்கு க்ளாக்_நானோஸ்லீப், அதுவும் ஆப்சல்யூட் நேரத்தில், இல்லாவிட்டால் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போகும். தாமதத்தை அளக்கும் சைக்ளிக்டெஸ்டைச் சும்மா இருக்கும் போர்டில் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்படாதீர்கள், லோடு கொடுத்து ஓட்டுங்கள்.

கேட்டவர்:
பிதிரெட்டுக்கு மாற்றினேன், எரர் வரவில்லை, ஆனால் சிஹெச்ஆர்டி (ஓடும் முறையைக் காட்டும் கமாண்ட்) போட்டுப் பார்த்தால் இன்னும் அதர் (சாதாரண முறை) என்றுதான் காட்டுகிறது!

பதில் 1:
பழைய இஃப் வரியில் மைனஸ் 1-தானே பார்க்கிறீர்கள்? பிதிரெட் ஃபங்ஷன்கள் பிழை எண்ணையே நேராகத் திருப்பித் தரும், பிழை எண் வைக்கும் எர்னோ வேரியபிளைத் தொடாது. பூஜ்யம் இல்லாத எது வந்தாலும் பிழைதான், அதைப் பிரிண்ட் செய்யுங்கள்.

கேட்டவர்:
1 வருகிறது, ஈபெர்ம். சிஸ்_நைஸ் வரி பழைய டெபியன் காம்போஸ் ஃபைலிலேயே (கன்டெய்னர் அமைப்பு ஃபைல்) நின்றுவிட்டது. சேர்த்தேன், ஃபிஃபோ 80 காட்டுகிறது. யூநேமில் வெறும் ப்ரீம்ப்ட்தான், இன்று ராத்திரி கெர்னல் பில்ட்.